ஒழுகும் டிராவல் டிரெய்லர்: மேலே பூசுவதா, கழற்றிப் பொருத்துவதா, கூரையையே மாற்றுவதா?

வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள டிராவல் டிரெய்லரின் மேல் அலமாரியைத் திறந்ததும் ஓதம் காத்த வாசனை அடிக்கிறது, மூலையில் தேநீர் நிறத்தில் ஒரு கறை தெரிகிறது என்றால் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். ஏணியை எடுத்து, கையில் ஒரு சீலண்ட் (இடைவெளியை அடைக்கும் பசை) குழாயுடன் கூரையேறி, விரிசல் தெரிகிற இடத்திலெல்லாம் பிதுக்கிவிட்டு இறங்குவார்கள். சில சமயம் அது போதுமானதாகவும் இருந்துவிடும். போதாத சமயத்தில் ஈரம் உள்ளேயே அடைபட்டு, அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் மரம் உளுத்து, சில டாலரில் முடிந்திருக்க வேண்டிய வேலை சில ஆயிரம் டாலரில் வந்து நிற்கும்.

நாங்கள் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தின் மேற்குப் பகுதி. அக்டோபரில் பிடிக்கும் தூறல் வசந்தகாலம் வரை விடாது. அரிசோனாவில் கதை வேறு. அங்கே வெயில்தான் முதல் எதிரி. ஆண்டு முழுக்கச் சீலண்டைக் காய்ச்சி வெடிக்க வைத்துவிட்டு, ஜூலையில் வரும் பருவமழை அந்த வெடிப்பைக் காட்டிக்கொடுக்கும். ஊர் எதுவானாலும் முடிவெடுக்கும் வரிசை ஒன்றுதான்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மரம் எந்த நிலையில் இருக்கிறது, அப்புறம்தான் எந்தப் பொருள். நான் பார்த்தவரை இந்த மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள்.

முதலில், அது மழைத் தண்ணீர்தானா?

டிரெய்லருக்குள் ஈரம் சேர மூன்று வழிகள் உண்டு: மழை, குழாய், எரியும் வாயுவும் நாம் விடும் மூச்சும் உள்ளே உண்டாக்கும் நீராவி.

குழாயைச் சோதிப்பது எளிது. வெளித் தண்ணீர் இணைப்பைக் கழற்றிவிட்டு, டிரெய்லரின் தொட்டியில் தண்ணீர் நிரப்பி 12 வோல்ட் பம்பைப் போடுங்கள். அழுத்தம் ஏறியதும் பம்பு தானாக நிற்கும். எந்தக் குழாயையும் திறக்காமலேயே சற்று நேரம் கழித்து அது தானாக ஓடி நின்றால், எங்கோ அழுத்தம் இறங்குகிறது. வாட்டர் ஹீட்டரின் பின்புறம், கழிப்பறைக் கோப்பையின் அடிப்பாகம், வெளியே இருக்கும் ஷவர் பெட்டி, பம்பை ஒட்டிய இணைப்புகள் ஆகியவற்றைக் கையால் தடவிப் பாருங்கள். குளிர்காலத்துக்கு முன் குழாய்களைச் சரியாக வடிக்காமல் விட்டவர்களுக்கு, வசந்தத்தில் முதன்முதலாகத் தண்ணீர் விடும் நாளில்தான் உறைந்து வெடித்த இணைப்பு தெரியவரும். முகாம்களில் வெளி இணைப்பைப் பயன்படுத்துபவர்கள் அழுத்தத்தை 40 முதல் 60 பி.எஸ்.ஐ.க்குள் வைக்கும் ரெகுலேட்டர் ஒன்றை மாட்டியே ஆக வேண்டும். சில முகாம்களில் வரும் அழுத்தம் அதைவிட மிக அதிகம்.

மூன்றாவது வழியை யாரும் சந்தேகப்படுவதில்லை. அடுப்புக்கும் ஹீட்டருக்கும் எரிக்கும் புரோபேன் வாயு எரிந்தால் தண்ணீர் உண்டாகும். ஒரு கிலோ புரோபேனிலிருந்து ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி. 20 பவுண்டு சிலிண்டர் ஒன்று முழுக்க எரிந்தால் சுமார் 15 லிட்டர் தண்ணீர். வண்டியைச் சூடாக்கும் ஃபர்னஸ் அந்தப் புகையை வெளியே தள்ளிவிடும். அடுப்பும் வெளிக்குழாய் இல்லாத ஹீட்டரும் தள்ளாது, முழுக்க உள்ளேதான். அதோடு இரண்டு மூன்று பேர் தூங்கும்போது விடும் மூச்சும் சேர்ந்தால், குளிர் இரவில் மெத்தைக்கு அடியிலும் ஜன்னல் சட்டத்திலும் தண்ணீர் வழியும். இதை ஒழுகல் என்று நினைத்துக் கூரையைச் சுரண்டி மறுபூச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மழையே இல்லாத குளிர் நாளிலும் ஈரம் வருகிறதென்றால், கூரையிலுள்ள காற்றுப்போக்கியை, அதாவது வென்ட்டைக் கொஞ்சம் திறந்துவைத்தாலே தீரும் பிரச்சினை அது.

கண்டுபிடிக்க எதற்குச் செலவு செய்வது?

மழைத் தண்ணீர்தான் என்று உறுதியானால் பொத்தலைத் தேட வேண்டும். கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே பொத்தல் இருக்கும் என்று எண்ண வேண்டாம். கூரையின் அடியில் தண்ணீர் ஒரு மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல அடி ஓடி, தோதான ஆணித் துளையைக் கண்ட இடத்தில் இறங்கும். டிரெய்லர் நிற்கும் சாய்வைப் பொறுத்து அந்த இடமும் மாறும். வீட்டு வாசலில் ஒரு மூலையில் ஒழுகியது, சரிவான முகாமில் வேறு மூலையில் ஒழுகும்.

கார்டன் ஹோஸ் சோதனை செலவில்லாதது. ஒருவர் உள்ளே டார்ச்சோடு, ஒருவர் வெளியே ஹோஸோடு. கீழிருந்து மேலே போக வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். முதலில் ஜன்னலின் அடி, அப்புறம் ஜன்னலின் தலை, அப்புறம் விளக்குகள், கடைசியில் கூரை விளிம்பு. ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பதினைந்து நிமிடம் மழை போல மென்மையாக விட வேண்டும். பிரஷர் வாஷரை எடுத்து அடித்தால் ஒழுகாத இடமும் ஒழுகும், நல்ல சீலண்டும் பிய்ந்து வரும். இந்தச் சோதனையின் குறை, ஏற்கெனவே நனைந்த மரத்துக்கு மேலும் தண்ணீர் ஊட்டுகிறோம் என்பது. மெதுவாக, பல மணி நேர மழையில் மட்டும் கசியும் பொத்தலை இது தவறவிடும் வாய்ப்பும் உண்டு.

ஈரமானி, அதாவது மாய்ஸ்சர் மீட்டர், 30 முதல் 50 டாலருக்குள் கிடைக்கிறது. இரண்டு ஊசி வைத்ததும் உண்டு, ஊசியில்லாமல் பரப்பில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. டிரெய்லருக்கு எனக்குப் பிடித்தது ஊசி வைத்ததுதான். அலுமினியச் சட்டம் உள்ள சுவரில் ஊசியில்லாதது உலோகத்தை ஈரமாகக் காட்டிப் பயமுறுத்தும். ஊசித் துளை வெளியே தெரியாதபடி அலமாரிக்குள்ளும் விளிம்புப் பட்டைக்குப் பின்னாலும் குத்திக்கொள்ளலாம். முதலில் நிச்சயமாக உலர்ந்த ஓர் உள்சுவரில் அளவெடுத்து அதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே கவலை இல்லை. 20ஐத் தாண்டினால் ஈரம் இருக்கிறது. 30ஐ நெருங்கினால் மரம் நன்றாக ஊறிவிட்டது. நாலு நாலு அங்குலமாக நகர்த்தி, பெயிண்டர் டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டி எண்ணை எழுதிக்கொண்டே போனால், ஈரம் எங்கிருந்து எந்தப் பக்கம் பரவியது என்பது சுவரிலேயே வரைபடமாக விரியும். எண்கள் ஏறிக்கொண்டே போகும் பக்கம்தான் தண்ணீர் வரும் பக்கம்.

மூன்றாவது, காற்றழுத்தச் சோதனை. கூரை வென்ட் ஒன்றில் ஊதியைப் பொருத்தி, மற்றக் காற்றுத் துளைகளை அடைத்து, டிரெய்லருக்குள் மெல்லிய அழுத்தம் ஏற்றுவார்கள். பிறகு வெளியே எல்லா விளிம்புகளிலும் சோப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். பொத்தல் உள்ள இடத்தில் நுரை குமிழ் குமிழாகப் பொங்கும். பக்கவாட்டு விளக்கு ஒன்றின் விளிம்பில் அரிசியளவு குமிழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வருவதைப் பார்த்தால், அவ்வளவு சிறிய இடம் வழியாகவா இத்தனை நாள் தண்ணீர் போனது என்று தோன்றும். இதன் பெரிய பலம், இன்னும் ஒழுகத் தொடங்காத பொத்தலையும் காட்டிவிடும் என்பது. மரமும் நனையாது. டீலர்களும் நடமாடும் டெக்னீஷியன்களும் செய்கிறார்கள். சில நூறு டாலர் ஆகலாம்.

வெப்பக் கேமராவும் வாடகைக்குக் கிடைக்கிறது. அது காட்டுவது வெப்ப வேறுபாட்டைத்தான், தண்ணீரை அல்ல. ஈரமானி கையில் இருந்தால் அது இல்லாமலே சமாளிக்கலாம்.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். பழைய டிரெய்லர் வாங்கப் போகிறீர்கள் என்றால் காற்றழுத்தச் சோதனைக்குக் காசைக் கொடுங்கள். விற்பவர் மறுத்தால் அதுவே ஒரு பதில். ஏற்கெனவே சொந்தமாக வைத்திருந்து ஒரே ஒரு கறை தெரிகிறது என்றால் ஈரமானியும் ஹோஸும் போதும். ஒரு பொத்தலை அடைத்த பிறகும் ஈரம் குறையவில்லை என்றால், அப்போது காற்றழுத்தச் சோதனைக்குப் போங்கள்.

சரி, இப்போது எப்படி அடைப்பது?

இங்கே உங்கள் டிரெய்லர் எப்படிக் கட்டப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். அமெரிக்காவில் விற்கும் ஆர்.வி.களில், அதாவது டிரெய்லர் போன்ற தங்கும் வண்டிகளில், பெரும்பகுதி இந்தியானா மாநிலத்தில், எல்க்கார்ட் வட்டாரத்தில் உருவாகிறது. அவற்றின் கூரை பெரும்பாலும் மெல்லிய பிளைவுட் அல்லது மரச்சீவல்களை அழுத்திச் செய்த ஓ.எஸ்.பி. பலகை மேல் ஒட்டிய ரப்பர் விரிப்பு. அது இ.பி.டி.எம். அல்லது டி.பி.ஓ. என்ற இரண்டில் ஒன்றாக இருக்கும். கூரை வென்ட்டின் உள் சட்டத்தைக் கழற்றி, வெட்டப்பட்ட விளிம்பைப் பாருங்கள். அடிப்புறம் கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் இ.பி.டி.எம். அதன் மேற்பரப்பில் விரலைத் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டும். பெட்ரோலியம் கலந்த கிளீனரையும் ஆரஞ்சு எண்ணெய் கலந்ததையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது. ரப்பர் உப்பிவிடும்.

ஓஹியோவின் ஜாக்சன் சென்டரில் செய்யும் ஏர்ஸ்ட்ரீம், ரிவெட் அடித்த அலுமினியம். அதில் ரப்பர் கூரைப் பேச்சே இல்லை, தகடு சேரும் இடங்களுக்கான சீலண்டே வேறு. ஸ்கேம்ப், கசீட்டா போன்ற அச்சில் வார்த்த ஃபைபர்கிளாஸ் வண்டிகளில் இணைப்பு குறைவு என்பதால் ஜன்னலும் வென்ட்டும்தான் கவனிக்க வேண்டியவை. கீழே சொல்வது ரப்பர் கூரை உள்ள சாதாரண டிரெய்லருக்கு.

ஐந்து வழிகள் இருக்கின்றன. செலவு குறைந்ததிலிருந்து போகலாம்.

மேலே புதுச் சீலண்ட் இடுவது முதல் வழி. கூரையின் தட்டையான இடத்துக்குத் தானாகப் பரவும் லேப் சீலண்ட், நிமிர்ந்த இடத்துக்கு வழியாத வகை. டைகார் என்ற பெயரை எல்லோரும் சொல்வார்கள், அதே தரத்தில் வேறு கம்பெனிகளும் உண்டு. குழாய் ஒன்று 10 முதல் 20 டாலர். பழைய சீலண்ட் கெட்டியாகப் பிடித்திருந்து, மேலே மட்டும் மயிரிழை வெடிப்பு என்றால் நன்றாகத் துடைத்து உலரவிட்டு மேலேயே இடலாம். ஓரம் தூக்கியிருந்தால் தூக்கிய பகுதியைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்துவிட்டுத்தான் இட வேண்டும். ஹார்டுவேர் கடையில் வாங்கும் சாதாரணச் சிலிக்கானைக் கூரையில் வைக்கவே வேண்டாம். காய்ந்த சிலிக்கான் மேல் வேறு எதுவும் ஒட்டாது. பின்னால் சரியாகச் செய்ய வருபவர் அதைத் துளித்துளியாகச் சுரண்டி எடுக்கவே ஒருநாள் போய்விடும்.

இதே விலைப் பட்டியலில் ஏ.சி.யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரை ஏ.சி. 14க்கு 14 அங்குல ஓட்டையின் மேல், ஒரு ஸ்பாஞ்சு கேஸ்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே மூடியைக் கழற்றினால் நான்கு போல்ட். வண்டி குலுங்கிக் குலுங்கி அவை தளர்ந்திருக்கும். கேஸ்கெட் ஏறக்குறைய அரை அங்குலத்துக்கு அமுங்கும்வரை நான்கையும் மாறி மாறிச் சமமாக முறுக்கினால், நடுக்கூரையில் ஒழுகும் பல வண்டிகளில் அத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் முறுக்கினால் கேஸ்கெட் நசுங்கிப் போகும்.

இரண்டாவது வழி, கழற்றி மறுபடியும் பொருத்துவது. எல்லோரும் தவிர்க்கும் வேலை இது. பக்கவாட்டில் ஒழுகும் டிரெய்லருக்கு உண்மையான தீர்வும் இதுதான். காரணம் எளிது. ஜன்னல், விளக்கு, மூலைப் பட்டை எல்லாவற்றுக்கும் பின்னால், கண்ணில் படாமல், பிசுபிசுப்பான ரப்பர்ப் பட்டையான பியூட்டைல் டேப் ஒன்று இருக்கிறது. தண்ணீரைத் தடுப்பது அதுதான். வெளியே தெரியும் சீலண்ட் வெறும் இரண்டாம் காவல். உள்ளே பியூட்டைல் காய்ந்து இடைவெளி விட்டிருக்க, வெளியே எத்தனை குழாய் பிதுக்கினாலும் ஓராண்டுக்கு மேல் தாங்காது.

மூலைப் பட்டையை எடுத்துக்கொள்வோம். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஓடும் அலுமினியப் பட்டையின் நடுவில் ரிப்பன் மாதிரி ஒரு வினைல் செருகப்பட்டிருக்கும். வெயிலில் சுருங்கி, முனையில் ஓரிரு அங்குலம் குறைந்திருந்தால் அந்த இடைவெளி வழியாகத்தான் தண்ணீர் ஸ்க்ரூவுக்குப் போகிறது. அந்த வினைலை உருவினால் கீழே ஸ்க்ரூக்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றாகத் திருகி எடுங்கள். பளபளப்பாக வருவதைப் பற்றிக் கவலை வேண்டாம். செம்மண் நிறத்தில் துருவேறி, கழுத்து மெலிந்து வருவது எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். பிடிமானமே இல்லாமல் சும்மா சுழல்கிற ஸ்க்ரூ இருந்தால் அதன் பின்னால் மரம் போய்விட்டது. பட்டையைத் தூக்கினால் பழைய பியூட்டைல், காய்ந்த சூயிங்கம் போல, சில இடத்தில் ஒட்டியும் சில இடத்தில் வெறுமையாகவும் இருக்கும். அந்த வெறுமைதான் நீங்கள் தேடிக்கொண்டிருந்த பொத்தல்.

பழையதை முழுக்கச் சுரண்டி, மினரல் ஸ்பிரிட்டை ரப்பர் கூரை மேல் படாமல் துணியில் தோய்த்து உலோகத்தை மட்டும் துடைத்து, புது பியூட்டைல் டேப் வைத்து, துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ போடுங்கள். பழைய துளை தளர்ந்திருந்தால் சற்று நீளமானது. ஒரே மூச்சில் இறுக்க வேண்டாம். பியூட்டைல் பிதுங்க நேரம் எடுக்கும். மறுநாள் வந்து இன்னொரு சுற்று, வெயில் பட்ட பிறகு மற்றொரு சுற்று. பிதுங்கியதைப் பிளாஸ்டிக் கத்தியால் வெட்டிவிட்டு, கடைசியில் வழியாத சீலண்ட். ஜன்னலுக்கு என்றால் தலைப்பக்கத்திலும் இடம் வலம் இரு பக்கங்களிலும் மட்டும் சீலண்ட் போதும். அடிப்பக்கத்தில் தண்ணீர் வடிய வைத்திருக்கும் சிறு துளைகளை அடைத்தால், சட்டத்துக்குள் சேரும் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்சுவரில் இறங்கும். செலவு மிகக் குறைவு. முழு டிரெய்லருக்கும் செய்தால் பல வார இறுதிகள் போகும். மணிக்கு 150 டாலருக்கு மேல் வாங்கும் டீலரிடம் கொடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, எட்டர்னாபாண்ட் போன்ற ஒட்டும் டேப். 4 அங்குல அகலம், 50 அடி சுருள் ஒன்று 100 டாலர் அளவில். ரப்பர் கூரையின் முன் இணைப்பு, பின் இணைப்பு, மரக்கிளை கிழித்த இடம் ஆகியவற்றுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. பரப்பு சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்து, ரோலரால் அழுத்தி ஒட்டினால் பல ஆண்டுகளுக்கு அசையாது. அசையாது என்பதே இதன் தொல்லையும்கூட. பின்னால் அந்த இணைப்பைத் திறக்க வேண்டி வந்தால் கூரை ரப்பரும் சேர்ந்து கிழிந்து வரும். அதனால் வென்ட், ஆன்டெனா போல என்றாவது கழற்ற வேண்டிய பொருள்களைச் சுற்றி லேப் சீலண்ட், என்றுமே கழற்றத் தேவையில்லாத நேர் இணைப்புகளில் டேப் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

நான்காவது, கூரை முழுவதும் பூச்சு. அக்ரிலிக், சிலிக்கான் என்று வாளியில் வருகிறது. கடையில் கொடுத்துத் தெளிக்க வைக்கும் பாலியூரியா வகையும் உண்டு. ரப்பர் தேய்ந்து மெலிந்திருந்து, அடியில் பலகை கல் மாதிரி உறுதியாக இருந்தால் இது கூரையின் ஆயுளை நீட்டும். வெள்ளைப் பூச்சு கோடையில் உள்வெப்பத்தையும் குறைக்கும். பொத்தலை அடைக்க இதை நம்ப வேண்டாம். இணைப்புகளை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் பூச வேண்டும். சிலிக்கான் பூசினால் அதன் பிறகு காலத்துக்கும் சிலிக்கான்தான். ஒழுகும் கூரைக்கு முதல் மருந்தாகப் பலரும் இந்த வாளியைத்தான் வாங்குகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஐந்தாவது, விரிப்பை உரித்துப் புதுக்கூரை. பல ஆயிரம் டாலர். கூரையில் மெல்ல நடக்கும்போது கால் உள்வாங்கினால், பலகை போய்விட்டது என்று பொருள். அப்போது மேலே சொன்ன நான்கும் பயனில்லை. எல்லாக் கூரையும் நடக்கத் தாங்காது என்பதால் ஏறுமுன் கையேட்டைப் பாருங்கள், பிளைவுட் துண்டு ஒன்றைப் போட்டு அதன் மேல் முட்டியிடுங்கள்.

எந்த வழியானாலும் மூடும் முன் உலர்த்த வேண்டும். உள்சீலிங் பலகையைக் கழற்றி, மின்விசிறியும் காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹ்யூமிடிஃபையரும் வைத்து, ஈரமானி 15க்குக் கீழே வரும்வரை விட வேண்டும். நாள் கணக்கில் அல்ல, வாரக் கணக்கில் ஆகலாம். பூசணம் பிடித்த இன்சுலேஷனை எடுத்து எறிந்துவிடுங்கள்.

வெளிச்சுவர் ஃபைபர்கிளாஸ் உப்பியிருந்தால் அது தனி வழக்கு. தண்ணீர் பசையைக் கரைத்து ஃபைபர்கிளாஸை அடிப்பலகையிலிருந்து பிரித்துவிட்டது. எப்பாக்சி செலுத்தி இறுக்கிப் பிடிக்கும் முறை சிறிய உப்பலுக்குச் சரிவரும். முன்சுவர் முழுக்க உப்பிய வண்டியை, விலை எவ்வளவு குறைந்தாலும், வாங்க வேண்டாம் என்பேன். நெளித்த அலுமினியத் தகடும் மரச்சட்டமும் கொண்ட வண்டியில் உப்பல் தெரியாது. ஆனால் தகட்டைக் கழற்றி உளுத்த கட்டையை மட்டும் மாற்றலாம் என்ற வசதி உண்டு. கையில் கருவி பிடிக்கத் தெரிந்தவருக்கு, பழைய வண்டிகளில் அதுவே நல்ல தேர்வு.

இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். மரக்கிளை விழுந்து கூரை கிழிந்தது போன்ற திடீர்ச் சேதத்தைத்தான் இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏற்கும். மெல்ல மெல்ல ஊறிக் கெட்டதைப் பராமரிப்புக் குறை என்று தள்ளிவிடுவார்கள். புது வண்டியின் வாரண்டியிலும் கூரையைக் குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். ஆண்டுக்கு 2 முறையாவது ஏறிப் பார்த்து, ஒவ்வோர் இணைப்பையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வேலையை வெளியே கொடுப்பது என்று முடிவெடுத்தால் விலையை மட்டும் கேட்காதீர்கள். பட்டையையும் ஜன்னலையும் கழற்றிப் பொருத்துவார்களா, மேலே பூசுவார்களா? மூடும் முன் ஈரமானி அளவை உங்களுக்குக் காட்டுவார்களா? கூரையை உரித்த பிறகு பலகை உளுத்திருந்தால் அதன் விலை இதில் அடக்கமா, தனியா? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தருகிற கடை சற்று விலை கூடினாலும் அங்கே கொடுங்கள்.